இலையுதிர் காலத் தொடக்கத்தில் நாரா: பயணத்தைத் திட்டமிடும் முறை

ஜப்பானின் கன்சாய் பகுதிக்குச் செல்வோரில் பெரும்பாலோர் கியோத்தோவில் அறை எடுத்துக்கொண்டு, நாராவுக்கு ஒரே ஒரு பகலை ஒதுக்குகிறார்கள். காலை பத்து மணிவாக்கில் வந்து இறங்கி, பெரிய புத்தரைப் பார்த்து, மான்களுக்குத் தின்பண்டம் கொடுத்து, மாலை நான்கு மணிக்கெல்லாம் மீண்டும் ரயிலேறிவிடுகிறார்கள். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகராக இருந்த ஊர் இது. அதை ஆறு மணி நேரத்தில் பார்த்துவிட முடியாது என்பதோடு, அந்த ஆறு மணி நேரந்தான் ஊரில் கூட்டம் மிகுந்திருக்கும் நேரமும்கூட. ஆகவே முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதுதான்: நாராவிலேயே குறைந்தது இரண்டு இரவு, இயன்றால் மூன்று இரவு தங்குவது. எந்த நாளில் போவது, எங்கே அறை எடுப்பது, எந்தக் கோயிலை எந்த வேளையில் பார்ப்பது என்பவை எல்லாம் இந்த முடிவைத் தொடர்ந்து அமையும்.

எந்த வாரத்தைத் தேர்வது

இலையுதிர் காலம் என்றவுடன் செக்கச் சிவந்த மேப்பிள் இலைகளை எதிர்பார்ப்பவர்கள் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ போக வேண்டாம். நாராவில் மேப்பிள் சிவப்பது நவம்பர் நடுப்பகுதியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை. பூங்காவில் நிறைய நிற்கும் நான்கின்ஹாசே மரங்கள் சற்று முந்தி நிறம் மாறும். அவையும் அக்டோபர் பிற்பாதிக்கு முன் சிவப்பதில்லை.

தொடக்கக் காலத்தின் அழகு வேறு வகையைச் சேர்ந்தது. செப்டம்பர் 20ஐ ஒட்டி வயல் வரப்புகளில் ஹிகன்பானா என்னும் செந்நிற லில்லிகள் இலையே இல்லாத நெட்டைத் தண்டின் உச்சியில் பூக்கும். கோயில் படிக்கட்டுகளின் இருபுறமும் ஹாகி என்னும் புதர்ச்செடி சிறு ஊதாப் பூக்களோடு வளைந்து தொங்கும். அக்டோபர் பிறக்கும் வேளையில் கின்மொகுசெய் மரங்கள் பூத்து, மரம் கண்ணில் படுமுன்னே தெரு முழுவதும் மணக்கும். நெல் முற்றியிருக்கும். அக்டோபர் நெருங்கும்போது காக்கி எனப்படும் பெர்சிமன் பழங்கள் கடைகளுக்கு வந்துசேரும்.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். செப்டம்பர் முதல் பாதி பெயரளவில்தான் இலையுதிர் காலம்; நண்பகலில் 30 டிகிரியைத் தாண்டுவது இயல்பு, புழுக்கமும் குறைவதில்லை. மாத இறுதிக்குள் காலையும் மாலையும் இதமாகிவிடும். அக்டோபர் நடுப்பகுதியில் பகல் வெப்பம் 23 டிகிரி அளவில் நின்று, இரவில் மேலாடை தேவைப்படும். நடந்தே பார்க்க வேண்டிய ஊர் என்பதால், செப்டம்பர் கடைசி வாரத்தையும் அக்டோபர் முதல் பாதியையும்தான் நான் பரிந்துரைப்பேன்.

அந்த வாரங்களுக்குள்ளும் அவற்றை ஒட்டியும் தவிர்க்க வேண்டிய நாள்கள் உண்டு. செப்டம்பரின் மூன்றாம் திங்கள்கிழமை முதியோர் நாள் விடுமுறை. 22 அல்லது 23ஆம் தேதி சம இரவு நாள் விடுமுறை. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வேலைநாள் மாட்டிக்கொண்டால் அதுவும் சட்டப்படி விடுமுறையாகிவிடும். 2026இல் அப்படித்தான் அமைகிறது: செப்டம்பர் 19 சனிக்கிழமை முதல் 23 புதன்கிழமை வரை ஐந்து நாள்கள் தொடர் விடுமுறை. அந்த நாள்களில் விடுதிக் கட்டணம் ஏறும், ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைப்பது அரிதாகும். அக்டோபரின் இரண்டாம் திங்களும் விடுமுறை என்பதால் அதற்கு முந்தைய சனி, ஞாயிறும் நெரிசலாகவே இருக்கும். அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறைக் காலம். கன்சாய் முழுவதும் அதன் தாக்கம் தெரியும்.

நடு இலையுதிர் கால முழுநிலவு எந்த நாளில் வருகிறது என்பதையும் பாருங்கள். சந்திர நாட்காட்டிப்படி வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். 2026இல் அது செப்டம்பர் 25. விடுமுறைக் கூட்டம் கலைந்த மறுநாளான 24ஆம் தேதி வியாழக்கிழமை ஊரில் இறங்கினால், நிலவு விழாவும் கிடைக்கும், ஹிகன்பானாவும் கிடைக்கும். இப்படி வாகாக அமையும் ஆண்டுகள் அதிகமில்லை.

நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஷோசோயின் கண்காட்சியைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். 8ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஷோமுவின் உடைமைகளையும் தோதைஜி கோயிலின் பொருள்களையும் காத்துவரும் ஷோசோயின் கருவூலத்திலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்து, அக்டோபர் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை வாரம் காட்சிக்கு வைப்பார்கள். அதற்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும், விடுதியையும் அதற்கு முன்பே உறுதிசெய்துவிட வேண்டும்.

புயலுக்கு இடம் விட்டுத் திட்டமிடுதல்

செப்டம்பர் சூறாவளிக் காலம். 2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி சூறாவளி தாக்கியபோது கன்சாய் விமான நிலையத்தின் ஓடுபாதைக்குள் கடல்நீர் புகுந்தது. எண்ணெய்க் கப்பல் ஒன்று மோதியதில் நிலையத்தைக் கரையோடு இணைக்கும் பாலம் சேதமடைந்து, பல ஆயிரம் பேர் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள். அவ்வளவு மோசமாக எப்போதும் நடப்பதில்லை. ஆனால் பெரிய புயல் நெருங்கும்போது ரயில் நிறுவனங்கள் முதல் நாளே அறிவித்துவிட்டு மொத்தச் சேவையையும் நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. கோயில்களும் அன்று கதவைச் சாத்திவிடக்கூடும்.

ஆகவே பயணத்தின் கடைசி நாளில் எதையும் நெருக்கமாக அடுக்காதீர்கள். கட்டணம் இழக்காமல் ரத்துசெய்யக்கூடிய விடுதியாகப் பார்த்துப் பதிவுசெய்யுங்கள். ஹோர்யூஜி, ஆசுகா போன்ற வெளியூர்ப் பகுதிகளுக்குத் தேதி குறிக்காமல் வைத்திருந்து, இரண்டு நாளைக்கு முந்தைய வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். சாதாரண மழை நாள் என்றால் கவலையே இல்லை. கோஃபுகுஜியின் தேசியப் புதையல் மண்டபமும் தேசிய அருங்காட்சியகத்தின் புத்தர் சிற்பக் கூடமும் மழை நாளுக்கென்றே அமைந்தவை. கோஃபுகுஜியில் உள்ள 734ஆம் ஆண்டு அசுரர் சிலையின் முன் மட்டும் அரை மணி நேரம் நிற்கலாம். மூன்று முகமும் ஆறு கையும் கொண்ட அந்த உருவத்தில் போர்த்தெய்வத்தின் உக்கிரம் ஏதும் இல்லை. புருவத்தை இலேசாக நெரித்துக்கொண்டு, அழுகையை அடக்கும் ஒரு சிறுவனின் முகம் அது. அதே கோயிலின் 50 மீட்டர் உயர ஐந்தடுக்கு கோபுரம் பல ஆண்டு நீளும் பெரும் பழுதுபார்ப்புக்காக மூடி மறைக்கப்பட்டிருக்கிறது. குளத்தில் அதன் நிழல் விழும் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாற வேண்டாம்.

போய்ச் சேருதலும் தங்குதலும்

நாராவுக்கென்று விமான நிலையம் இல்லை. ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினால் நேரடிப் பேருந்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் நாராவை அடையலாம். தோக்கியோவிலிருந்து வருவோர் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கியோத்தோ வந்து, அங்கே ரயில் மாறுவது எளிது.

ஊருக்குள் இரண்டு ரயில் நிலையங்கள் இருப்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தனியார் ரயில் நிறுவனமான கின்டெட்சுவின் நாரா நிலையம் பூங்காவின் வாயிலிலேயே இருக்கிறது. ஜப்பான் ரயில்வே குழுமமான ஜேஆரின் நாரா நிலையம் அங்கிருந்து மேற்கே பதினைந்து நிமிட நடைத்தூரத்தில் உள்ளது. கியோத்தோவிலிருந்து கின்டெட்சுவின் சிறப்பு விரைவு ரயிலில் சுமார் 35 நிமிடம். அதற்குத் தனி இருக்கைக் கட்டணம் உண்டு. அதே தடத்தில் கூடுதல் கட்டணம் இல்லாத விரைவு ரயிலும், ஜேஆரின் மியாகோஜி விரைவு ரயிலும் முக்கால் மணி நேரத்தில் கொண்டுசேர்த்துவிடும். ஜேஆர் பாஸ் வைத்திருப்பவர்கள் அது கின்டெட்சுவில் செல்லாது என்பதை மறக்கக் கூடாது. நாராவுக்காக மட்டும் அந்தப் பாஸை வாங்குவது வீண்செலவு. இகோகா போன்ற தொடு அட்டை ஒன்று போதும், உள்ளூர் ரயில், பேருந்து இரண்டிலும் செல்லும்.

அறை எடுக்க மூன்று பகுதிகளைப் பார்க்கலாம். கின்டெட்சு நிலையத்தைச் சுற்றித் தங்கினால் காலையில் எழுந்து நடந்தே தோதைஜிக்குப் போய்விடலாம். பழைய வணிகர் வீடுகள் வரிசையாக நிற்கும் நாராமாச்சி, இரவில் அமைதியாக இருக்கும். சிறிய விடுதிகள் என்பதால் சீக்கிரம் நிறைந்துவிடும். ஜேஆர் நிலையப் பகுதியில் சங்கிலி ஓட்டல்கள் மலிவு. ஹோர்யூஜி போவதற்கும் அதுவே வசதி. பெரிய பெட்டிகளை வைத்துக்கொண்டு கோயில்களைச் சுற்றாதீர்கள். இரண்டு நிலையங்களிலும் காசு போட்டுப் பூட்டும் பெட்டகங்கள் உண்டு, ஆனால் பெரிய அளவுப் பெட்டகங்கள் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும்.

பூங்கா: காலை ஏழரைக்கும் மாலை ஆறுக்கும்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தோதைஜியின் பெரிய புத்தர் மண்டபம் காலை 7.30க்குத் திறக்கிறது. நாராவில் தங்குவதன் முழுப் பலனும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஏழு மணிக்குத் தெற்குப் பெருவாயிலான நான்தைமோனுக்குப் போய்விடுங்கள். 1203இல் உன்கெய், கைகெய் தலைமையிலான சிற்பிகள் 69 நாள்களில் முடித்த இரண்டு காவல் தெய்வங்கள் அங்கே எட்டு மீட்டருக்கும் மேலான உயரத்தில் எதிரெதிராக நிற்கின்றன. காலை வெளிச்சத்தில் கம்பி வலைக்கு உள்ளே நரம்புகள் புடைத்த கால்கள்தான் முதலில் தெரியும். முகங்களைப் பார்க்கச் சற்றுப் பின்வாங்கி நிமிர வேண்டும்.

மண்டபத்துக்குள் நுழையுமுன் வாசலில் நிற்கும் எண்கோண வெண்கல விளக்கைக் கவனியுங்கள். எல்லோரும் அதைக் கடந்துதான் உள்ளே ஓடுகிறார்கள். 8ஆம் நூற்றாண்டில் வார்த்த அந்த விளக்கின் தட்டிகளில், காற்றில் ஆடை பறக்கக் குழலும் தாளமும் இசைக்கும் போதிசத்துவர்கள் மெல்லிய புடைப்பாக இருக்கிறார்கள். தீயிலும் போரிலும் இரண்டு முறை எரிந்துபோன கோயிலில் தொடக்கக் காலத்திலிருந்து எஞ்சியவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. 1180இலும் 1567இலும் மண்டபம் எரிந்தது. இன்று நாம் காண்பது 1709இல் கட்டிமுடித்தது. 57 மீட்டர் அகலமுள்ள இதுவே முந்தையதைவிடச் சுருங்கியதுதான். ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள புத்தரின் தலை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் அவர் அமர்ந்திருக்கும் தாமரை இதழ்களில் சில 8ஆம் நூற்றாண்டிலேயே செய்தவை. அவற்றில் நுண்ணிய கோடுகளால் உலகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒரு பெயரை நினைவில் கொள்ளலாம். 752இல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. நம் கோயில்களில் சிலைக்குக் கண் திறப்பது போலவே, பெரிய தூரிகையால் விழிகளைத் தீட்டினார். தூரிகையோடு கட்டிய நீண்ட பட்டுக் கயிற்றை, கூடியிருந்தவர்கள் கையில் பற்றிக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கேற்றார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் உள்ளன. 736இல் ஜப்பான் வந்த அவரைத் தென்னிந்தியாவிலிருந்து வந்த பிராமணத் துறவி என்றே 8ஆம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்கிறது. அவர் தங்கியிருந்த தைஆன்ஜி கோயில் நகரின் தெற்கே இன்றும் இருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

இனி மான்கள். பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் கட்டின்றி உலவுகின்றன; காசுகா தெய்வத்தின் தூதர்களாகப் போற்றப்படும் இவற்றை 1957இல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். இலையுதிர் காலத்தில் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: செப்டம்பர் முதல் நவம்பர் வரை இவற்றின் இனச்சேர்க்கைக் காலம். கழுத்து மயிர் அடர்ந்து, உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு, கீச்சென்று நீண்ட குரல் எழுப்பும் கொம்புள்ள ஆண் மானைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள். படம் எடுக்க முதுகைக் காட்டி நிற்காதீர்கள். சிறு குழந்தையின் கையில் தின்பண்டத்தைக் கொடுத்துத் தனியே விடுவது இந்தப் பருவத்தில் ஆபத்து. அரிசித் தவிடும் மாவும் கலந்து செய்த, சர்க்கரை சேர்க்காத ஷிகா செம்பே மட்டுமே கொடுக்க வேண்டும். மற்ற எதுவும் மானுக்குக் கெடுதல். ஒன்றை எடுத்துக் காட்டிக் காட்டி மறைத்தால் மான் கடிக்கும், அதில் மானின் குற்றம் ஏதுமில்லை. கொடுத்து முடித்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினால் விலகிவிடும். கால்சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும் வரைபடத்தையும் ரயில் சீட்டையும் முன்பே உள்ளே தள்ளிவிடுங்கள்.

கொம்புகளால் ஆபத்து நேராதிருக்கவே 1672இல் கொம்பு வெட்டும் வழக்கம் தொடங்கியது. வழக்கமாக அக்டோபர் இரண்டாம் வார இறுதியில், காசுகா கோயிலருகே உள்ள மான் காப்பகத்தில் அது விழாவாக நடைபெறும்: கயிறு வீசி மானைப் பிடித்து, தலையைத் தலையணைமேல் வைத்து, பூசகர் தண்ணீர் புகட்டியபின் ரம்பத்தால் அறுப்பார்கள். அந்தப் பருவத்துக் கொம்பில் இரத்த ஓட்டம் நின்றுவிட்டிருப்பதால் வலி இருக்காது. மான் மிரள்வதைப் பார்க்க மனம் ஒப்பாதவர்கள் தவிர்த்துவிடலாம். பார்க்க விரும்புவோர் அந்த ஆண்டின் அறிவிப்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பகல் பத்து மணிக்குமேல் தோதைஜியை விட்டு மேட்டுப் பாதையில் காசுகா தைஷாவுக்கு நடந்துவிடுங்கள். 768இல் நிறுவப்பட்ட இந்த ஷின்தோ ஆலயத்தில் கல் விளக்கும் தொங்கு விளக்குமாக மூவாயிரம் அளவில் இருக்கின்றன. அத்தனையும் ஏற்றப்படுவது பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும்தான். நம் பருவத்தில் போகிறவர்களுக்காக உள்ளே ஒரு கூடத்தை இருட்டாக்கிச் சில விளக்குகளை எரியவிட்டிருக்கிறார்கள். ஆலயத்துக்குப் பின்னுள்ள காட்டில் 841 முதல் வேட்டைக்கும் மரம் வெட்டுவதற்கும் தடை. வெயில் நாளில் அதன் ஓரமாக நடப்பதே ஓர் ஓய்வு.

மதியம் அறைக்குப் போய் இளைப்பாறிவிட்டு, ஐந்து மணிக்கு மீண்டும் தோதைஜி மேட்டிலுள்ள நிகட்சுதோ என்னும் மண்டபத்துக்கு வாருங்கள். கட்டணம் கிடையாது, எந்நேரமும் திறந்திருக்கும். செப்டம்பர் இறுதியில் சூரியன் மறைவது 5.50 வாக்கில், அக்டோபர் நடுவில் அரை மணி நேரம் முந்தி. மேற்கு நோக்கிய அதன் மரத் தாழ்வாரத்தில் நின்றால், பெரிய புத்தர் மண்டபத்தின் கூரை முகட்டிலுள்ள பொன் நிற அணிகள் மட்டும் கடைசியாக மின்னும். திரும்பும் பாதையில் விளக்குகள் குறைவு. கைப்பேசி வெளிச்சம் போதும், ஆனால் மான்களை மிதித்துவிடாமல் நடக்க வேண்டும்.

மேற்கே இரண்டு கோயில்கள், ஒரு நிலவு

இரண்டாம் நாளை யாகுஷிஜிக்கும் தோஷோதைஜிக்கும் கொடுங்கள். கின்டெட்சு நாராவிலிருந்து யமாதோ சைதைஜி போய் ரயில் மாறி நிஷினோக்யோவில் இறங்க வேண்டும். வழியில் ரயில் பழைய ஹெய்ஜோ அரண்மனை இருந்த வெளியின் நடுவிலேயே ஓடும். ஒருபுறம் 1998இல் மீண்டும் எழுப்பிய சுசாகு வாயிலும், மறுபுறம் 2010இல் எழுப்பிய கொலு மண்டபமும் தெரியும். இறங்கிப் பார்க்க நேரமில்லை என்றால் இந்தச் சன்னல் காட்சியே போதும் என்பது என் கருத்து.

யாகுஷிஜி நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அதன் கிழக்குக் கோபுரம் 730ஐச் சேர்ந்தது. பத்தாண்டுக்கும் மேல் நீண்ட பழுதுபார்ப்பு 2020இல் முடிந்தது. ஆறு அடுக்குபோலத் தோன்றும், உண்மையில் மூன்றுதான். இடையிடையே சிறு கூரைகளைச் சேர்த்து அந்தத் தோற்றத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். 1981இல் புதிதாகக் கட்டிய மேற்குக் கோபுரம் எதிரே நிற்பதால், பளிச்சென்ற சிவப்பும் வெளிறிய மரமும் ஒரே பார்வையில் கிடைக்கும். கருவறையில் மருத்துவ புத்தர் அமர்ந்துள்ள வெண்கலப் பீடத்தின் பின்புறத்துக்குப் போகாமல் திரும்பாதீர்கள்: மேலே திராட்சைக் கொடி, பக்கங்களில் வளைவுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் குள்ள உருவங்கள், கீழே சீனத்தின் நான்கு திசைக் காவல் விலங்குகள் என்று மேற்காசியாவும் இந்தியாவும் சீனாவும் அந்த ஒரே பீடத்தில் சந்திக்கின்றன.

வடக்கே பத்து நிமிடம் நடந்தால் தோஷோதைஜி. சீனத் துறவி கன்ஜின் கடலைக் கடக்க ஐந்து முறை முயன்று தோற்று, கண் பார்வையையும் இழந்து, ஆறாம் முறை 753இல் ஜப்பானை அடைந்து, 759இல் நிறுவிய கோயில் இது. எட்டுத் தூண்கள் வரிசையாக நிற்கும் முன்மண்டபத்தில் ஏறி நின்று, உள்ளே ஐந்து மீட்டருக்கும் மேல் உயர்ந்த கருணையின் போதிசத்துவரான ஆயிரம் கை கன்னோனைப் பாருங்கள். இன்று எஞ்சியுள்ள கைகள் 953. கன்ஜினின் அசல் உருவச் சிலை ஜூன் தொடக்கத்தில் மூன்று நாள் மட்டுமே காட்சிக்கு வரும். இலையுதிர் காலத்தில் அவருடைய கல்லறைச் சோலையோடு நிறைவு கொள்ள வேண்டும். பாசி படர்ந்த அந்தத் தோப்புக்குக் கொசு விரட்டி பூசிக்கொண்டு போவது நல்லது.

நடு இலையுதிர் கால முழுநிலவன்று இரண்டு விழாக்கள் ஒரே மாலையில் வருகின்றன. நகரின் சாருசாவா குளத்தில் உனெமே விழா: பேரரசரின் அன்பை இழந்து குளத்தில் மூழ்கிய அரண்மனைப் பெண்ணின் நினைவாக, பூக்களால் ஆன பெரிய விசிறியை ஊர்வலமாகக் கொண்டுவந்து, இசைக் கலைஞர்களோடு படகுகளில் குளத்தைச் சுற்றுவார்கள். தோஷோதைஜியிலோ மாலையில் கோயிலை மீண்டும் திறந்து, மண்டபத்தின் கதவுகளை விரித்து உள்விளக்கேற்றுவதால், இருண்ட முற்றத்தில் நின்றபடியே பொன் பூசிய புத்தரைக் காணலாம். இரண்டையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் வாக்கு தோஷோதைஜிக்கே. வானம் மூடிக்கொண்டு நிலா தெரியாமல் போனாலும் அங்கே காட்சி கெடுவதில்லை.

மூன்றாம் நாள்

ஹோர்யூஜியை விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. ஜேஆர் நாராவிலிருந்து ரயிலில் பன்னிரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அங்கிருந்து இருபது நிமிட நடை. காலை எட்டு மணிக்குத் திறப்பதால் முதல் ஆளாக நுழையலாம். 607இல் இளவரசர் ஷோதொகு நிறுவியதாகச் சொல்லப்படும் கோயில் 670இல் எரிந்து, பின்னர் எழுந்த மேற்கு வளாகம்தான் உலகில் நிலைத்திருக்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களைக் கொண்டது. நடுவில் சற்றே பருத்த தூண்களைக் கையால் தொடக்கூடிய தூரத்தில் பார்க்கலாம். அஜந்தாவோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட பொன் மண்டபச் சுவரோவியங்கள் 1949 ஜனவரி 26 அன்று தீயில் கருகின. அந்த அதிர்ச்சியே மறு ஆண்டு ஜப்பானின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. இப்போது சுவரில் இருப்பவை பிரதிகள். நுழைவுக் கட்டணம் 2025இல் 2,000 யென்னாக உயர்ந்திருக்கிறது. மற்றக் கோயில்களில் பெரும்பாலும் 500 முதல் 1,000 யென்தான்.

பிற்பகலை மலர்களுக்கு ஒதுக்கலாம். அக்டோபரில் போகிறவர்களுக்கு ஹன்னியாஜி: 1253இல் எழுந்த பதின்மூன்று அடுக்குக் கற்கோபுரத்தைச் சுற்றிக் காஸ்மாஸ் செடிகள் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். செப்டம்பர் இறுதியில் போகிறவர்களுக்கு ஹாகி பூத்த படிக்கட்டுகளையுடைய பியாக்குகோஜி. நாள் முழுவதையும் கொடுக்க முடிந்தால், தெற்கே ஒரு மணி நேர ரயில் தூரத்திலுள்ள ஆசுகாவில் இறங்கி, நிலையத்தருகே மிதிவண்டி வாடகைக்கு எடுத்து, இனாபுச்சியின் படிக்கட்டு வயல்களில் ஹிகன்பானாவைப் பாருங்கள். இதை மட்டும் சம இரவு நாளை ஒட்டிய பத்து நாள்களுக்குள் செய்துவிட வேண்டும்.

உணவும் கைச்செலவும்

சைவ உணவுக்காரர்களுக்கு ஜப்பானில் இடையூறு இறைச்சியால் அன்று, சாற்றால் வருகிறது. மிசோ சூப், உதோன், வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் மீன் சேர்த்த தாஷி இருக்கும். மீவா ஊரின் புகழ்பெற்ற சோமென் நூடுல்ஸைத் தோய்க்கும் சாற்றிலும் அதுவேதான். ‘மீன், மீன் சாறு, இறைச்சி உண்பதில்லை’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையைக் கையோடு வைத்திருங்கள். தேநீரில் அரிசியைக் குழைய வேகவைக்கும் சாகாயு நாராவின் காலைக் கஞ்சி. உடன் வரும் ஊறுகாய்களில் நாராசுகே மட்டும் சாகே மண்டியில் ஊறியது என்பதால் மது தவிர்ப்போர் விலக்கிவிடலாம். யோஷினோவின் குசு என்னும் கொடியின் வேர் மாவில் செய்யும் குசுமோச்சி பாதுகாப்பான இனிப்பு. கடைத்தெருவில் மாலை ஆறுக்குமேல் பல கடைகள் அடைத்துவிடுவார்கள். இரவு உணவுக்கான இடத்தை மதியமே பார்த்து வையுங்கள்.

கோயில் வாசல்களில் அட்டை செல்லும் என்று நம்பிப் போகாமல் 100 யென், 500 யென் நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோயிலிலேயே கோஷுயின்சோ என்னும் மடிப்பேடு ஒன்றை வாங்கிவிட்டால், போகும் இடமெல்லாம் 300 முதல் 500 யென் கொடுத்துத் தூரிகை எழுத்தும் செந்நிற முத்திரையும் பதித்துக்கொள்ளலாம். வழிபட்ட பிறகே ஏட்டை நீட்டுவது முறை. எளிதில் கழற்றக்கூடிய செருப்போ காலணியோ அணியுங்கள், ஓட்டையில்லாத காலுறை முக்கியம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவை. சிங்கப்பூர்க் குடிமக்கள் குறுகியகாலச் சுற்றுலாவுக்கு விசா இன்றிச் செல்லலாம். விசா விண்ணப்பத்தில் நாள்வாரிப் பயணத் திட்டம் கேட்பார்கள் என்பதால், ரத்துசெய்யக்கூடிய விடுதிப் பதிவை ஜூன் மாதத்திலேயே செய்து, ஜூலையில் விண்ணப்பத்தைத் தயாராக்கி, விசா கைக்கு வந்தபின் ரத்துசெய்ய இயலாத கட்டணங்களைச் செலுத்துங்கள். உனெமே விழா, கொம்பு வெட்டு ஆகியவற்றின் நேர அறிவிப்பைச் செப்டம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டால், நாள்களை முன்பின் மாற்ற அப்போதும் அவகாசம் இருக்கும்.